பள்ளி ஆசிரியர் பண்டிட் கருப்பன்

மட்டாஞ்சேரியில் குடியிருந்து எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போய்வரும் நம்மவர்களில் பலர், தேவரைப் பக்கம் பண்டிட் கருப்பன் பெயரில் ஒரு சாலை இருப்பதைப் பார்த்திருப்பார்கள். பெயரைக் கேட்டால் மதுரைப் பக்கத்துக்காரரோ என்று தோன்றும். அவர் மலையாளிதான். ஆயினும் பெயரில் தமிழ்ச் சம்பந்தம் உண்டென்று ஒரு கதை வழங்குகிறது. வீட்டுக்கு வந்த தமிழ்க் கோசாயி ஒருவர், குழந்தை படிப்பில் பெரிய ஆளாக வருவான் என்று சொல்லி, கற்பன் என்று பெயரிடச் சொன்னாராம். அதுவே பேச்சு வழக்கில் கருப்பன் ஆயிற்றாம்.

1885 மே 24ல் எர்ணாகுளத்தை அடுத்த சேரானல்லூரில், வாலர் எனப்படும் மீனவ வகுப்பில் பிறந்தார். அந்நாளில் மீனவர் பிள்ளைக்கு சமஸ்கிருதம் எளிதில் வாய்க்கக் கூடியதல்ல. கருப்பனுக்கு அது கொடுங்கல்லூர் கோவிலகத்தில், கொச்சுண்ணித் தம்புரானிடம் வாய்த்தது. கொச்சி மகாராஜா ராமவர்மா அவருடைய கவித்திறனைக் கண்டு மேற்படிப்புக்கும் ஏற்பாடு செய்தார்.

எர்ணாகுளம் செயின்ட் ஆல்பர்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருத ஆசிரியராக இருந்தவர், பின்னர் மகாராஜாவின் விருப்பப்படி அவ்வூர்ப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நியமனம் பெற்றார். அங்கேதான் சோதனை. மேல்சாதிப் பெண்கள் படித்த பள்ளி அது. அதன் பெயரிலேயே சாதி இருந்தது. மீனவர் வந்து பாடம் சொல்வதா என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. குருவைத் தெய்வமாக எண்ண வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த வீடுகள்தாம் அவை! குருவின் குலம் தெரிந்ததும் மரியாதை வாசலோடு நின்றுவிட்டது. மகாராஜா நியமனத்தை மாற்றவில்லை. கருப்பனும் பின்வாங்கவில்லை. (இன்று ஆசிரியரின் சாதியை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. அரசுப் பள்ளி வாத்தியாரா, கான்வென்ட் வாத்தியாரா என்றுதான் கேட்கிறோம்.)

ஏளனமும் ஓயவில்லை. தீண்டாமையைச் சாடி அவர் பாலாகலேசம் என்ற நாடகம் எழுதியபோது, ஒரு பத்திரிகாசிரியர் தலைப்பின் முதலெழுத்தை மாற்றி, அவர் பிறந்த வாலர் குலத்தைக் குத்திக் காட்டினார். நம் வீட்டுப் பெண்கள் அறிந்த கும்மி மெட்டையே எடுத்துக்கொண்டு, சாதியைக் கேள்வி கேட்கும் ஜாதிக்கும்மியையும் பாடியவர் இவர்.

1913ல் புலையர்கள் கூடிப் பேச எண்ணினார்கள். தரையில் இடம் தருவாரில்லை. எர்ணாகுளம் காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர் மேல் கூட்டம் நடத்தினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் கருப்பனும் ஒருவர். காயலுக்கு மட்டும் பட்டா கேட்பார் இல்லை போலும்!

1925ல் கொச்சி சட்டசபைக்கு நியமன அங்கத்தினரானார். ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென சமஸ்தானத்தில் தனி இலாகா ஏற்பட்டபோது அதில் உதவிப் பாதுகாவலராகப் பணியேற்றார். பள்ளிகள் திறப்பது, சம்பளச் சலுகை, உதவித்தொகை ஆகியவற்றுக்காக ஓயாமல் பாடுபட்டார். பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத பல குடும்பங்களின் பிள்ளைகள் சிலேட்டு பிடித்தது இதனால்தான்.

1935ல் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் மலையாள விரிவுரையாளரானார். அந்த வேலையில் அதிக காலம் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1938 மார்ச் 23ல் காலமானபோது அவருக்கு வயது 52.