பூங்கா வாசலில் ஒரு அப்பாவும் மகளும்

பத்தாம் வகுப்பு அக்காக்களின் அறிவியல் புத்தகத்தில் லாமார்க் என்று ஒருவர் வருவார். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி இலை தின்றதால் கழுத்து நீண்டது, அது குட்டிக்கும் வந்தது என்று சொன்னவர். அது தப்பு என்று கேட்டதும் நாங்க சிரிச்சோம். அப்புறம் டீச்சர் ஒரு படம் காட்டினாங்க. சிரிப்பு நின்னுடுச்சு.

அது பிரான்சின் தலைநகர் பாரிஸில் உள்ள தாவரப் பூங்கா. 1635-ல் அரசரின் மூலிகைத் தோட்டமாக ஆரம்பித்தது. அதன் வாசலில் லாமார்க் சிலை இருக்கிறது. பீடத்தின் பின்பக்கம் கண் தெரியாத கிழவராக அவரும், பக்கத்தில் மகள் கொர்னேலியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள்.

லாமார்க் 1744-ல் பிறந்தார். வீட்டில் பதினோராவது பிள்ளை. பாதிரியார் ஆகட்டும் என்று அப்பா படிக்க அனுப்பினார். அப்பா இறந்ததும் ஒரு குதிரை வாங்கிக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்! கழுத்தில் நோவு வந்து அதையும் விட்டார். பாரிஸுக்கு வந்து பேங்கில் வேலை பார்த்தார், மருத்துவம் படித்தார். ஆனால் மனசெல்லாம் செடி மேல்தான்.

1778-ல் பிரான்சுச் செடிகளைப் பற்றி மூன்று பாகம் புத்தகம் எழுதினார். லத்தீனில் எழுதாமல் சொந்த மொழியான பிரெஞ்சில் எழுதினார். செடியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படியா அப்படியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே அதன் பெயரைக் கண்டுபிடிக்கலாம். அந்தப் புத்தகத்தால் பூங்காவில் வேலையும் கிடைத்தது.

1793-ல், புரட்சிக்குப் பிறகு, பூங்கா அருங்காட்சியகம் ஆனது. பன்னிரண்டு பேராசிரியர்களில் இவரும் ஒருவர். ஆனால் செடிப் பாடம் இவருக்குக் கிடைக்கவில்லை. பூச்சியும் புழுவும் கொடுத்தார்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது புதுசா படிக்க ஆரம்பித்தார். சிலந்தி பூச்சி இல்லை என்று தனி வகுப்பாகப் பிரித்தார். நாம் பரீட்சையில் எழுதும் முதுகெலும்பற்றவை என்ற பெயரும் அவர் வைத்ததே. உயிரினங்கள் காலப்போக்கில் மாறும் என்று 1809-லேயே புத்தகம் போட்டார். டார்வின் புத்தகம் வந்தது 1859-ல்தான்.

பிறகு கண் பார்வை போய்விட்டது. ஏழு பாகப் புத்தகம் இன்னும் முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 1822-ல் முடித்தார்கள்.

1829-ல் 85 வயதில் இறந்தார். கையில் காசில்லை. வாடகைக் குழியில் புதைத்தார்கள். பிறகு எலும்புகளைக்கூட எடுத்துவிட்டார்கள், இன்று சமாதி கிடையாது. அப்பா பேராசிரியராக இருந்த அதே அருங்காட்சியகத்தில், கொஞ்சக் கூலிக்குக் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டும் வேலை செய்தாள் கொர்னேலி. 1909-ல்தான் சிலை வந்தது.

எங்க தாத்தாவுக்கும் கண் தெரியாது. தினமும் சாயங்காலம் நான்தான் பேப்பர் படிச்சுக் காட்டணும். விளையாடப் போக முடியலையேன்னு சில நாள் வரிகளைத் தாண்டிப் படிச்சிருக்கேன். தாத்தாவுக்குத் தெரியாது. இப்போ ஒரு வரியும் விடுவதில்லை.

தோழிகளே, தோழர்களே, ஒட்டகச்சிவிங்கி பாடம் வரும்போது சிரிங்க, தப்பில்லை. ஆனா அவரோட மகளையும் நினைச்சுக்கோங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி