கோல்கொண்ட் கட்டிய சுந்தரானந்தர்

புதுச்சேரி நகரிலே ஸ்ரீ அரவிந்தர் ஆச்சிரமத்துக்குரிய விடுதி ஒன்று இருக்கின்றது. கோல்கொண்ட் என்பது அதன் பெயர். சித்திரை வைகாசி மாதத்துக் கடும் வெயிலிலும், குளிரூட்டும் இயந்திரம் எதனையும் நாடாமல் சாதகர்கள் அமைதியாக வாழ வேண்டும் என்னும் நோக்குடன் 1937ஆம் ஆண்டிலே அதன் வேலை தொடங்கிற்று. அவ்வேலையை முன்னின்று நடத்தியவர் தமிழருமல்லர், வடநாட்டாருமல்லர். யப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவிலே பிறந்த ஜோர்ஜ் நகாஷிமா என்பவர். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு இட்ட திருநாமம் சுந்தரானந்தர். அழகிலே ஆனந்தம் காண்பவர் என்பது அதன் பொருள்.

ஆண்டு மலர் என்றால் அருளாளர் சரிதமும் தேசபக்தர் சரிதமும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை ஒரு மரவேலைக்காரரின் வாழ்க்கையை எழுதத் துணிந்தோம். காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டிலே நம் நாடு மணிக்கணக்காக இருளில் மூழ்கியதையும், அதன்பின் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தையும் இறம்பொடையில் மறந்தவர் எவருமிலர். ஐரோப்பிய ஒன்றியமோ, 2020ஆம் ஆண்டு முடிந்தபின் எழும் புதிய கட்டடங்கள் யாவும் ஏறக்குறையப் பூச்சியமளவு சக்தியிலே இயங்க வேண்டுமென 2010இலேயே சட்டம் வகுத்துவிட்டது. அச்சட்டம் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வழியில் நடந்தவர்களுள் ஒருவர் நம் சுந்தரானந்தர்.

அவர் 1905ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரிலே பிறந்தார். இளமையிலே மலைகளிலும் பெருங்காடுகளிலும் அலைந்து திரிந்தமையால் மரங்களிடத்து அவருக்கு ஆழ்ந்த பற்று உண்டாயிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கட்டடக் கலை பயின்று 1930இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். சிறிது காலம் பாரிஸ் நகரிலே கழித்தபின், தம் முன்னோரின் நாடாகிய யப்பானுக்குச் சென்று, தோக்கியோவில் அந்தோனின் றேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரிடம் வேலைக்கு அமர்ந்தார். றேமண்ட் செக் இனத்தவர். 1919ஆம் ஆண்டிலே யப்பானுக்கு வந்து அங்கேயே தொழில் நடத்தியவர்.

அக்காலத்திலே ஆச்சிரமத்தில் பவித்ரா என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒருவர் சாதகராக இருந்தார். முன்னர் யப்பானிலே றேமண்டை அறிந்தவர் அவர். சாதகர்களுக்கு ஒரு விடுதி வேண்டுமென்று அன்னை விரும்பியபோது பவித்ராவின் நினைவு றேமண்டிடம் சென்றதில் வியப்பில்லை. பணத்துக்கு வழி காட்டியவர் ஐதராபாத் நிசாமின் திவானாகிய சேர் அக்பர் ஹைதரி. அந்நன்றியின் அறிகுறியாகவே அவர் நாட்டின் புகழ்பெற்ற கோல்கொண்டாவின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்பிலே, விடுதிக்கு வந்தது. முஸ்லிம் பெருமகன் ஒருவரின் உதவியால் இந்து ஆச்சிரமத்திலே, செக்கர் ஒருவர் வரைந்ததை யப்பானிய வமிசத்தவர் ஒருவர் கட்டினார் என்பதை நம் வாலிபர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க.

றேமண்டின் சார்பிலே புதுச்சேரிக்கு வந்த நகாஷிமா, முதலில் ஓர் அறையை முழு அளவிலே மாதிரியாகக் கட்டிப் பார்த்தார். 1938இல் றேமண்டும் குடும்பத்துடன் வந்து சில மாதம் தங்கினார். பிரான்டிசெக் சாமர் என்னும் மற்றொரு செக் கலைஞரும் துணை நின்றார். ஆனால் செங்கல்லும் சீமெந்தும் சுமந்தவர்களுள் பெரும்பாலோர் ஆச்சிரமவாசிகளே. கொந்தராத்துக்காரர் என்று ஒருவரும் இலர். கதவுகளுக்கும் யன்னல்களுக்கும் வேண்டிய பித்தளைப் பூட்டும் பிடியும்கூட அங்கேயே வார்க்கப்பட்டன. வேலையே யோகம் என்பது அவர்களுடைய கொள்கை. சில மாதங்கள் அதனைக் கண்ணுற்ற நகாஷிமா, தமக்குரிய சம்பளத்தை வேண்டாமென விடுத்து, தாமும் ஒரு சாதகராகச் சேர்ந்துகொண்டார்.

இனிக் கட்டடத்தின் சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். வெப்ப நாட்டிலே காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ்ந்து வந்து கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையுமே அதிகம் தாக்குகின்றன. ஆதலால் கோல்கொண்டின் குறுகிய பக்கங்களைக் கிழக்கு மேற்காகவும், நீண்ட பக்கங்களை வடக்குத் தெற்காகவும் நிறுத்தினார்கள். அந்நீண்ட பக்கங்களிலே கண்ணாடி யன்னலே இல்லை. கீழிருந்து மேல்வரை கிடையான தகடுகளை வரிசையாகப் பொருத்தி, வேண்டியபோது திறக்கவும் மூடவும் செய்தார்கள். வெயிலும் மழையும் வெளியே நிற்கும். காற்று மட்டும் உள்ளே புகும். அறைக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள தேக்குக் கதவும் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டுச் செய்யப்பட்டது. கதவைச் சாத்தினாலும் காற்று நிற்பதில்லை, உள்ளிருப்பவரின் மறைவும் கெடுவதில்லை. இரு புறத்துத் தோட்டங்களும் உள்ளே வரும் காற்றின் சூட்டைத் தணிக்கின்றன.

கூரை இன்னும் நுட்பமானது. தட்டையான கொங்கிறீட் தளத்தின் மேலே, வளைந்த கொங்கிறீட் ஓடுகளைக் கவிழ்த்து, இரண்டுக்கும் நடுவே காற்றோட இடம் விட்டார்கள். மேல் ஓடு கொதித்தாலும், இடையிலுள்ள காற்று அச்சூட்டை எடுத்துச் சென்றுவிடும். நமது பெக்டரிகளிலே கொழுந்து வாட்டும் மேல்மாடியை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. யன்னல்களைத் திறந்து, காற்றின் போக்கைப் பார்த்து இலையின் ஈரத்தை வாங்கிய வித்தையை நம் முன்னோர் நாள்தோறும் கையாண்டார்கள். இலைக்குக் கிடைத்த அக்காற்று அதனைப் பறித்தவளின் காம்பராவுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் துயரம்.

ஒன்றை மறைக்கலாகாது. கோல்கொண்டின் தகடுகள் கல்நார் கலந்த சீமெந்தினால் ஆனவை. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு என்பதை இன்று உலகம் அறியும். அக்கட்டடத்தின் வழியை நாம் கொள்ளலாம், அப்பொருளைக் கொள்ள வேண்டியதில்லை. நம் கூரைகளிலுள்ள பழைய கல்நார்த் தகடுகளை உடைப்பவர்களும் அறுப்பவர்களும் இதனை நினைவிற் கொள்க.

1939இல் சுந்தரானந்தர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். போர்க்காலத்து இடர்களினூடே ஆச்சிரமவாசிகள் எஞ்சிய வேலையைச் செய்து முடித்தனர். அமெரிக்கா திரும்பிய அவர் 1941இல் மரியன் ஒகாஜிமா என்னும் மங்கையை மணந்து, சியாட்டில் நகரிலே மரத்தளபாடம் செய்யத் தொடங்கினார். அப்பொழுது வந்தது பேரிடி. யப்பானுடன் போர் மூண்டதும், 1942 பெப்ரவரியிலே பிறந்த ஒரு கட்டளையின்படி, யப்பானிய வமிசத்தவர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு வாசல்களினின்றும் பெயர்க்கப்பட்டு முகாம்களிலே அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டிலே பிறந்த பிரசைகள். நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையுமாக ஐடகோ மாநிலத்தின் மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பிறந்த மண்ணிலேயே அந்நியராக்கப்படுவது எத்தகையது என்பதை நமக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாருக்கு அதனை நன்கு விளக்கியிருக்கின்றது.

முகாமின் குடியிருப்பு, தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டில் வரிசை. நமது லயத்துக்கு அமெரிக்கப் பிரதி எனலாம். அங்கே கெந்தாரோ ஹிக்கோகவா என்னும் தச்சாசிரியர் ஒருவரை நகாஷிமா சந்தித்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், அத்தச்சரிடம் மாணாக்கராக அமர்ந்து யப்பானிய மரவேலையை அடியிலிருந்து கற்றார். இருவரும் கழிவுப் பலகைகளைப் பொறுக்கி, கொட்டிலின் அறையொன்றை மனிதர் வாழத்தக்க இடமாகத் திருத்திக் காட்டினார்கள். அவர் வாழ்க்கையிலே நாம் பெரிதும் மதிப்பது இவ்விடத்தையே. கோல்கொண்டுக்குத் திவானின் உதவி இருந்தது, மினிடோக்காவிலே கழிவுப் பலகை மட்டுமே இருந்தது.

1943இல், றேமண்ட் பொறுப்பு நின்றமையால் விடுதலை பெற்று, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்னும் ஊரிலே அவருடைய பண்ணையில் கோழி வளர்த்தார். பின்னர் வேலைக்குக் கூலியாகச் சிறு நிலமொன்றைப் பெற்று, தம் கையாலேயே வீடும் பட்டறையும் எழுப்பினார். புதுச்சேரியிலே பகை வெயில், இங்கே பகை பனி. ஆகவே கணக்கு தலைகீழாயிற்று. தெற்கு நோக்கிச் சாய்ந்த சரிவிலே கட்டடங்களை நிறுத்தி, தெற்குப் பக்கத்தைக் கண்ணாடியாக்கினார். மாரிக்காலத்துத் தாழ்ந்த வெயில் உள்ளே புகுந்து வெதுவெதுப்பளிக்கும். கோடையின் உயர்ந்த வெயிலைக் கூரையின் நீண்ட இறவாரம் தடுத்துவிடும்.

இதனைப் படித்துவிட்டு இறம்பொடையிலும் தெற்குப் பக்கம் கண்ணாடி வைக்கலாம் என்று எவரும் புறப்பட்டுவிடக் கூடாது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நமக்குச் சூரியன் உச்சியிலேயே திரிகின்றது. இங்கே இரவின் குளிரைப் போக்குவது கிழக்கு யன்னலால் வரும் காலை வெயில். கெடுப்பது தென்மேற்குப் பருவக் காற்று புகும் இடுக்கு. யாவற்றினும் பெரிய திருடன் தகரக் கூரை. இரவிலே வீட்டின் சூட்டை வானத்துக்கு வாரிக் கொடுத்துவிட்டு, விடியற்காலையிலே நம் தலைமேல் துளித்துளியாகச் சொட்டும். அதன்கீழே ஒரு பலகைத் தட்டு அடித்து, இடையிலே காற்றை அடைத்து வைத்தால், கோல்கொண்டின் இரட்டைக் கூரை குளிர்நாட்டுக்கு ஏற்ற வேடம் பூண்டுவிடும். அங்கே காற்று ஓட வேண்டும், இங்கே காற்று நிற்க வேண்டும். அடுப்புப் புகைக்கு மட்டும் தனிவழி விட வேண்டும். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவை விட்டு 7 பேர்ச் நிலத்திலே வீடு கட்டப் போகும் குடும்பங்கள், அத்திவாரம் வெட்டுமுன் ஒரு நாள் முழுவதும் அந்நிலத்திலே வெயிலும் காற்றும் வரும் திசையைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்களாயின், அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நகாஷிமாவின் பிற்காலப் புகழ் மரத்தளபாடத்தாலே வந்தது. மரத்தின் வெடிப்பையும் முடிச்சையும் மறைக்காமல் அவ்வண்ணமே விட்டு மேசை செய்வது அவர் வழக்கம். 1981இல் மரத்தின் ஆன்மாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கத்தோலிக்கருக்குத் தேவாலயங்களும் கட்டினார். ஆயினும் ஆச்சிரமத்திலே கற்றதை அவர் விட்டவரல்லர். உலகின் ஒவ்வொரு கண்டத்துக்கும் சமாதான பீடம் ஒன்று செய்யும் ஆசையில், முதலாவதை 1986இல் நியூயோர்க் நகரத்துப் பேராலயத்திலே வைத்தார். 1988இல் அமெரிக்க அரசு, முகாம்களிலே அடைத்தமைக்காகச் சட்ட மூலம் மன்னிப்புக் கோரியது. இரண்டாண்டின் பின், 1990 ஜூன் 15ஆம் திகதி, நியூ ஹோப்பிலே அவர் காலமானார். அவர் எண்ணியபடி ஒரு சமாதான மேசை 1996இல் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லைச் சென்றடைந்தது. கோல்கொண்ட் இன்றும் ஆச்சிரமத்தின் விடுதியே. அவர் வகுத்த தேக்குத் தளபாடங்கள் அதன் அறைகளிலே இன்றும் பாவனையில் இருக்கின்றன.