ஆறு ஆண்டுகள் நம்பப்படாத ஹவார்ட் டெமின்

கொரோனாக் காலத்தில் பிசிஆர் என்ற சொல்லை எத்தனை செய்திகளில் எழுதினேன் என்று கணக்கில்லை. அந்தப் பரிசோதனையின் முதற்படிக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான ஹவார்ட் டெமினைப் பற்றி நான் வாசித்தது பின்னர்தான்.

1934 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. யூதச் சிறுவர்களுக்கு 13 வயதில் நடக்கும் சடங்கின் விருந்துக்குச் செலவாகியிருக்கும் பணத்தை அவரது குடும்பம் இடம்பெயர்ந்தோர் முகாமொன்றுக்குக் கொடுத்தது.

கலிபோர்னியாவில் மாணவராக இருந்தபோதே, கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸொன்றை ஆராயத் தொடங்கினார். 1911இல் பெய்டன் ரவுஸ் அறிவித்த வைரஸ் அது. அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏ. மரபுத் தகவல் டிஎன்ஏயிலிருந்து ஆர்என்ஏக்குப் போகும், திரும்பி வராது என்றே அன்று பெரும்பாலானோர் கருதினர். ஆனால், டிஎன்ஏயிலிருந்து ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்த வைரஸின் பெருக்கமும் நின்றது. அப்படியானால் வைரஸ் முதலில் டிஎன்ஏயாக மாறி, கலத்தின் மரபணுக்களோடு கலந்துவிடுகிறது என்று 1964இல் டெமின் சொன்னார்.

பெரும்பாலானோர் நம்பவில்லை. சிலர் ஏளனம் செய்தார்கள். அவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தன் வேலையைத் தொடர்ந்தார். 1970இல் அவரும் சதோஷி மிசுடானியும் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியத்தை வைரஸுக்குள்ளேயே கண்டார்கள். டேவிட் பல்டிமோரும் தனியாக ஆராய்ந்து அதையே கண்டிருந்தார். 1975இல் இருவரும் ரெனாட்டோ டல்பெக்கோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். விழா நடந்தது டெமினின் 41ஆவது பிறந்தநாளில்.

வௌவாலின் எச்சத்திலோ கோழியின் தொண்டையிலோ புதிய ஆர்என்ஏ வைரஸைத் தேடும்போது, இன்று வழமையாக இந்த வகை நொதியமே முதலில் வேலை செய்கிறது. அது ஆர்என்ஏயை டிஎன்ஏயாகப் பிரதி செய்யும். பிறகு அந்த டிஎன்ஏயைப் பெருக்கி, அதன் வரிசையை வாசித்து, ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிடுகிறார்கள். எதனோடும் பொருந்தாத வரிசை, புதிய வைரஸொன்றின் தடயமாக இருக்கலாம்.

நோபல் விழாவிலேயே புகைத்தலுக்கு எதிராகப் பேசியவர் டெமின். ஒருபோதும் புகைக்காத அவரை 1994 பெப்ரவரியில் நுரையீரல் புற்றுநோய் கொண்டுபோனது. வயது 59.

கண்டதைச் சொல்லியும் நம்பப்படாதவர்களின் வீடுகளுக்கு நான் செய்திக்காகப் போயிருக்கிறேன். டெமினுக்குச் சான்று ஆய்வுகூடத்தில் கிடைத்தது. அவர்களுக்கு அப்படி ஓர் ஆய்வுகூடம் இல்லை. ஆனாலும் ஏளனத்தால் உண்மை பொய்யாகிவிடாது என்பதை எழுத நினைக்கும்போதெல்லாம் இவர் நினைவுக்கு வருகிறார்.