ஓவியர் ரெம்பிராண்ட்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தழைத்த ஓவிய நெறியைப் பரோக் என்பர். ஒளியும் இருளும் எதிர்நிற்கும் காட்சி, உணர்ச்சி ததும்பும் முகம், அசைவின் நடுவே பிடித்து நிறுத்தியது போன்ற உருவம் ஆகியவற்றால் அந்நெறியை எளிதில் அடையாளம் காணலாம். வட ஐரோப்பாவில் அதனை உயர்த்தியவருள் ஆண்ட்வெர்ப் நகரின் ரூபன்ஸ், மன்னர்களுக்கும் கத்தோலிக்கத் தேவாலயங்களுக்கும் வரைந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். அண்டை நாடான ஒல்லாந்தின் நிலை வேறு. அங்கு முடியாட்சி இல்லை. சீர்திருத்தச் சமயத்தார் தம் தேவாலயங்களுக்கு ஓவியம் வேண்டுவதும் இல்லை. வணிகரும் மருத்துவரும் நகரப் பெருமக்களுமே ஓவியங்களை வாங்கினர். அவர்களை நம்பி வாழ்ந்தவர் ரெம்பிராண்ட்.

அவர் 1606ஆம் ஆண்டு லெய்டன் நகரில் பிறந்தார். தந்தை காற்றாலையில் தானியம் அரைப்பவர். தாய் ரொட்டி சுடுபவரின் மகள். மகன் கற்றவனாக வேண்டும் என்று பெற்றோர் விரும்பி, இலத்தீன் பள்ளிக்கும் பின்னர்ப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினர். அவரது உள்ளமோ ஓவியத்தில் இருந்தது. லெய்டனில் மூன்றாண்டும், ஆம்ஸ்டர்டாமில் லாஸ்ட்மன் என்னும் ஓவியரிடம் ஆறு திங்களும் பயின்றபின் சொந்தமாக வரையத் தொடங்கினார். கூலி கொடுத்து ஆள் அமர்த்த வேண்டாத முகம் ஒன்று அவரிடம் இருந்தது. கண்ணாடி முன் நின்று சிரித்தும் சினந்தும் வியந்தும் தம் முகத்தையே வரைந்து பழகினார்.

ஆம்ஸ்டர்டாமில் குடியேறியதும் புகழ் விரைந்து வந்தது. 1632இல் மருத்துவர் டுல்ப் உடற்கூறு விளக்கும் காட்சியை வரைந்தார். 1634இல் சாஸ்கியாவை மணந்தார். 1639இல் 13,000 கில்டர் விலையில் பெரிய வீடு ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கினார். ஏலம் நடக்கும் இடமெல்லாம் சென்று சிலைகள், போர்க்கருவிகள், சங்குகள், பிற ஓவியரின் படங்கள் எனக் கண்டவற்றையெல்லாம் வாங்கிக் குவித்தார். பணத்தைக் கையாளும் திறம் அவருக்கு வாய்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1642ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்க முடியாதது. நகரக் காவற்படையினர் தம்மை ஒருங்கே வரையப் பணித்திருந்தனர். அத்தகைய படங்களில் உறுப்பினர் அனைவரும் வரிசையாக நிற்பதும், எல்லா முகமும் நன்கு தெரிவதும் வழக்கம். ரெம்பிராண்ட் அவர்களை அணிவகுத்துப் புறப்படும் பரபரப்பில் காட்டினார். தலைவர் கை நீட்டுகிறார், முரசு முழங்குகிறது, சிலர் முகம் பிறர் தோளுக்குப் பின் பாதி மறைகிறது. இப்படம் பின்னர் 'இரவுக் காவல்' எனப் பெயர் பெற்றது. மேற்பூச்சு கருத்துப்போனதால் வந்த பெயர் அது. உண்மையில் அது பகற்காட்சி. படையினர் இதனை வெறுத்து ஒதுக்கினர் என்ற கதைக்குச் சான்றில்லை. அவர்களது மண்டபத்தில் அது நெடுங்காலம் தொங்கியது. படம் முடிந்த அவ்வாண்டிலேயே சாஸ்கியா இறந்தார். பிறந்த நான்கு குழந்தைகளில் டைட்டஸ் என்னும் மகன் மட்டுமே எஞ்சியிருந்தான்.

கடன் வளர்ந்தது. 1656இல் ரெம்பிராண்ட் தம்மால் கடனை அடைக்க இயலாது என்று அறிவித்தார். அலுவலர் வீட்டுக்கு வந்து, அறை அறையாகச் சென்று, 363 இனங்களைப் பட்டியலிட்டனர். அவர் ஆசையோடு சேர்த்தவை ஏலம் போயின; பின்னர் வீடும் போயிற்று. வறுமை அத்தோடு நிற்கவில்லை. 1662இல் சாஸ்கியாவின் கல்லறையையும் விற்க நேர்ந்தது.

இத்துன்பக் காலத்தில் அவர் செய்த ஒரு பணி நம் நாட்டோடு தொடர்புடையது. சூரத்திலும் பழவேற்காட்டிலும் வணிகம் நடத்திய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமுக்கு மிளகும் துணியும் கொணர்ந்தன. முகலாயச் சிற்றோவியங்களும் அந்நகரை அடைந்தன. ரெம்பிராண்ட் அவற்றைப் பார்த்து வரைந்த படங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. பெரும்பாலும் விலைமிக்க ஆசியத் தாளில் வரையப்பட்டவை அவை. ஜஹாங்கீர், ஷாஜஹான், மரத்தடியில் அமர்ந்த நான்கு முதியவர் ஆகியோரை அவற்றில் காணலாம். விரைந்து கீறும் இயல்புடைய அவர் கை, இங்கே ஆடையின் மடிப்பையும் காலணியின் வளைவையும் ஒரு மாணவனைப் போலப் பொறுமையாகப் பின்பற்றியது. தம் நாட்டை விட்டு ஒருநாளும் வெளியேறாதவர் அவர். ஆயினும் 1656இல் அவர் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படம் ஒன்றில், ஆபிரகாம் விருந்தளிக்கும் வானவர்கள், அம்முதியவரைப் போலவே தரையில் அமர்ந்திருக்கின்றனர்.

டைட்டஸும், ரெம்பிராண்டோடு வாழ்ந்த ஹெண்ட்ரிக்கேயும் சேர்ந்து 1660இல் ஒரு வணிக நிறுவனம் அமைத்தனர். ரெம்பிராண்ட் அதன் பணியாளர் ஆனார். கடன் கொடுத்தோர் அவருடைய புதிய படங்களைக் கைப்பற்றாதிருக்க இந்த ஏற்பாடு. அந்தத் துணையும் நிலைக்கவில்லை. 1663இல் ஹெண்ட்ரிக்கேயும், 1668இல் டைட்டஸும் மறைந்தனர்.

வாழ்நாளில் ஏறத்தாழ 80 முறை அவர் தம்மை வரைந்திருக்கிறார். இளமையில் பட்டும் தங்கச் சங்கிலியும் அணிந்து பெருமிதத்தோடு நின்றவர், இறுதி ஆண்டில் வரைந்த படங்களில் தளர்ந்த கன்னத்தையும் நரைத்த முடியையும் சிறிதும் மறைக்கவில்லை. சுற்றிலும் இருள் சூழ, ஒளி முகத்தில் மட்டும் விழுகிறது. 1669 அக்டோபர் 4ஆம் நாள் அவர் காலமானார். மேற்குத் தேவாலயத்தில் வாடகைக் குழி ஒன்றில் அடக்கம் செய்தனர். அவ்விடத்தில் பெயர்க்கல் எதுவும் நாட்டப்படவில்லை.