சந்தேகப்பட்ட சீடர் தோமையார்

ஈஸ்டர் பண்டிகை வந்தால் பாலாநகரில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பொழுது விடியுமுன்பே ஆலயத்துக்குப் புறப்பட்டு விடுவார்கள். புத்தாடை, பலகாரம் என்று பார்த்தால் கிறிஸ்துமஸ்தான் பெரிய பண்டிகை. ஆனால் மார்க்கத்துக்கு அஸ்திவாரம் ஈஸ்டரே. இயேசு உயிர்த்தெழாவிட்டால் தமது பிரசங்கத்துக்குப் பொருளே இல்லை என்று பவுல் அடிகளே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த உயிர்த்தெழுதலை முதலில் நம்ப மறுத்த சீடர்தான், நம் மயிலாப்பூரோடு பெயர் பிணைந்துவிட்ட தோமையார்.

பன்னிரு சீடர்களில் ஒருவரான அவருடைய பெயருக்கு இரட்டையர் என்று பொருள். அவரைக் கோழை என்று சொல்ல முடியாது. யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிந்து கொல்வார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, குருவோடு போய்ச் சாகவும் தயார் என்று முன்வந்தவர் அவர். அந்தக் குருவே சிலுவையில் மாண்டபின் அவர் மனம் எப்படி இருந்திருக்கும்!

உயிர்த்தெழுந்த அன்று மாலை இயேசு சீடர்களுக்குக் காட்சி தந்தார். தோமையார் மட்டும் அங்கே இல்லை. மற்றவர்கள் வந்து சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஆணித் தழும்பையும், ஈட்டி பாய்ந்த விலாவையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும் என்று பிடிவாதமாக இருந்தார். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்தார். அவரை விலக்கவில்லை, தொட்டுப் பார்க்கவே அழைத்தார். தோமையார் தொட்டாரா என்பதை யோவான் சுவிசேஷம் சொல்லவில்லை. தொட்டதாக வரைந்தவர்கள் ஓவியர்கள்தான்! ஆனால் ஒரு கணத்தில் அவர் இயேசுவை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் ஏற்றுப் பணிந்தார். மற்றவர்கள் அதுவரை வாய்விட்டுச் சொல்லாததைச் சந்தேகப்பட்டவர் சொல்லிவிட்டார்.

கி.பி. 52-ல் அவர் கேரளத்தின் கொடுங்கல்லூரில் வந்து இறங்கினார் என்பது சிரியன் கிறிஸ்தவர்களின் வழிவழி நம்பிக்கை. வரலாற்று ஆசிரியர்களிடையே இதில் கருத்து வேற்றுமை உண்டு. சிரியாக் மொழியில் எழுந்த மூன்றாம் நூற்றாண்டு நூல் ஒன்று வேறு கதை சொல்கிறது. கொண்டோபரஸ் என்ற மன்னன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். மன்னன் சினந்து அவரைச் சிறையில் அடைத்தான். அப்போது இறந்துபோன மன்னனின் தம்பி மீண்டும் உயிர் பெற்று, அண்ணனுக்காக விண்ணுலகில் எழுந்து நிற்கும் அரண்மனையைக் கண்டதாகக் கூறினானாம். இது வெறும் கதையாக இருக்கலாம். ஆனால் கொண்டோபரஸ் மெய்யான மன்னன். வடமேற்கு இந்தியாவில் அவனுடைய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன.

கி.பி. 72-ல் பரங்கிமலையில் தோமையார் கொல்லப்பட்டு, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. எலும்புகளில் பெரும்பகுதி எடெசா நகருக்குச் சென்று, பிற்பாடு 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனாவைச் சேர்ந்தது. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கல்லறை மேல் கோயில் எழுப்பினார்கள். இன்றுள்ள சாந்தோம் பேராலயம் 1896-ல் கட்டி முடிந்தது.

இயேசுவின் விலாவில் ஈட்டி பாய்ந்த காயத்தைக் காணக் கேட்டவர் தோமையார். அவர் உயிரைக் கொண்டதும் ஓர் ஈட்டிதான் என்கிறது மரபு.