நாணலுக்குள் கணக்குப் பார்த்த நங்கை

சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையில் நாணல் வெள்ளைப் பூவோடு ஆடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலூருக்கு மேற்கே, நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்களையும் பார்த்திருப்பீர்கள். நாணலை யாரும் மதிப்பதில்லை. கரும்புக்கோ ஆலை வாசலில் விலை உண்டு. ஆனால் இரண்டும் உறவுக்காரர்கள்! இன்று ஆலைக்குப் போகும் கரும்பின் உடம்பில் நாணலின் ரத்தமும் ஓடுகிறது.

அந்த உறவை உயிரணுவுக்குள் புகுந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் பெண்மணி. அவர்தான் டாக்டர் ஜானகி அம்மாள்.

கப்பலேறிய பெண்

1897-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, மலையாளக் கரையிலுள்ள தலைச்சேரியில் பிறந்தார். தந்தை கிருஷ்ணன், சென்னை ராஜதானியில் சப்-ஜட்ஜ். வீட்டில் பிள்ளைகள் ஏராளம். ஜானகி கலியாணத்தை வேண்டாமென்று படிப்பைப் பிடித்துக்கொண்டார். சென்னை ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. சில காலம் ஆசிரியை வேலை. அதன்பின் உதவிச் சம்பளம் பெற்று, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அதிசயமாக இருந்த காலம் அது!

தோல் இல்லாத மணி

அவர் கற்ற வித்தை என்ன?

செடியானாலும் மனிதரானாலும் உடம்பு உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களுக்குள் உட்கரு இருக்கிறது. அதற்குள் இருக்கும் நூல் போன்ற குரோமோசோம்களே தாய் தந்தையின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டு வருகின்றன.

வேர் நுனியைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உட்கருவுக்குள் ஒரு மணியும் தெரியும். அதன் பெயர் நியூக்ளியோலஸ். வேடிக்கையான பொருள்! அதற்குத் தோலும் கிடையாது, உறையும் கிடையாது. ரசத்தில் மிதக்கும் நெய்த்துளி போலத் தானே திரண்டு நிற்கிறது. ஆனால் அது சும்மா மிதக்கவில்லை. உடம்புக்கு வேண்டிய புரதத்தை நெய்யும் தறிகளுக்கு ரைபோசோம் என்று பெயர். அந்தத் தறிகளின் பாகங்கள் இங்கேதான் தயாராகின்றன. புற்றுநோய் அணுக்களில் இந்த மணி பெருத்துக் காணப்படுவது உண்டு. நோயறியும் டாக்டர்கள் அதையும் ஓர் அடையாளமாகக் கவனிக்கிறார்கள்.

உயிரணு இரண்டாகப் பிரியும் நேரத்தில் மணி கரைந்துவிடும். குரோமோசோம்கள் சுருங்கித் தடித்துத் தனித்தனியே தெரியும். எண்ணுவதற்கு அதுதான் சமயம். பிரிந்து முடிந்ததும் மணி மறுபடி திரளும். கண்ட இடத்தில் அல்ல, குறிப்பிட்ட குரோமோசோமில் குறிப்பிட்ட இடத்தில்! மக்காச்சோளத்தில் அந்த இடத்தை 1934-ல் விளக்கிக் காட்டியவரும் ஒரு பெண்மணியே. அமெரிக்காவின் பார்பரா மக்ளின்டாக் அவர்.

கோவையில் ஐந்தாண்டு

அதே 1934-ல் ஜானகி அம்மாள் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

கரும்புக்கு இனிப்பைத் தந்தவரே இவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவர் வருவதற்கு முன்பே அங்கு பார்பரும் வெங்கட்ராமனும் இனிக்கும் கரும்பை நாணலோடு ஒட்டுச் சேர்த்துவிட்டார்கள். அவர்களுடைய ‘கோ 205’ ரகம் 1918-ல் வயலுக்கு வந்தது. கரும்பு சர்க்கரையைத் தந்தது. நாணல் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலுவைத் தந்தது.

ஆனால் உள்ளே நடந்தது என்ன? கரும்பில் 80 குரோமோசோம்கள். கோவை நாணலில் 64. தாயும் தந்தையும் பாதிப் பாதி கொடுப்பதுதான் இயற்கை. பிள்ளைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 இருக்க வேண்டும். எண்ணினால் 112! தாய்க்கரும்பு தன் பங்கை முழுசாகக் கொடுத்துவிட்டது. இத்தகைய விந்தைகள் நிறைந்த குடும்பம் கரும்புக் குடும்பம். நாணலுக்குள்ளேயே 40 முதல் 128 வரை பல கணக்குகள் உண்டு. எந்த நாணலை எதனோடு சேர்ப்பது என்று தெரிய, முதலில் எண்ண வேண்டும். ஜானகி அம்மாள் இந்திய நாணல் வகைகளை எடுத்து எண்ணினார். 1936-ல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து, 1938-ல் அதைப் பற்றி எழுதினார்.

வேலை செழித்தது, மனம் செழிக்கவில்லை. தனித்து வாழும் பெண், அதிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால் உடன் பணியாற்றிய ஆண்களிடையே இடர்ப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

சீமையும் திரும்புதலும்

1939-ல் எடின்பரோ மகாநாட்டுக்குப் போனார். யுத்தம் மூண்டது. சீமையிலேயே தங்கிவிட்டார். டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்து 1945-ல் பெரிய நூலாக வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களில் ஒரு வகைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

1951-ல் பிரதமர் நேரு அழைத்தார். தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கத் தாயகம் திரும்பினார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில், பல்கலைக் கழக ஆய்வுக் கூடத்தில் மூலிகைகளோடு இருந்தார்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட ஏற்பாடு நடந்தபோது, எண்பது வயதைக் கடந்த அவர் எதிர்த்துக் குரல் கொடுத்தார். காடு மூழ்குமுன் அதன் மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். 1984 பிப்ரவரி 7-ந் தேதி காலமானார். அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்.