ஜான் பாய்ட் டன்லப்

ஜான் பாய்ட் டன்லப் (பெப்ரவரி 5, 1840 – அக்டோபர் 23, 1921) ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஆவார். காற்றடைத்த டயரை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார். இவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே வேறொருவர் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும், டன்லப்பின் முயற்சிக்குப் பின்னரே காற்றடைத்த டயர் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

பிறப்பும் தொழிலும்

டன்லப் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் உள்ள டிரெகார்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று, சில ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே பணியாற்றினார். 1867 இல் அயர்லாந்தின் டவுன்பாட்ரிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1871 இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். பின்னர் பெல்பாஸ்ட் நகரில் இவர் நடத்திய கால்நடை மருத்துவ நிலையம் அயர்லாந்தின் பெரிய நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

காற்றடைத்த டயர்

அக்காலத்தில் மிதிவண்டிகளின் சக்கரங்களில் கெட்டியான ரப்பர் வளையமே பொருத்தப்பட்டிருந்தது. கல் பாவிய தெருக்களில் இவ்வண்டிகள் கடுமையாகக் குலுங்கின. தம் மகனின் முச்சக்கர வண்டி இலகுவாக ஓடுவதற்கு வழி தேடிய டன்லப், 1887 அக்டோபரில் ஒரு சோதனையை மேற்கொண்டார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, மரத்தாலான வட்டத் தட்டு ஒன்றின் விளிம்பில் துணியால் சுற்றிப் பொருத்தினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதில் காற்றை நிரப்பினார். பின்னர் அந்தத் தட்டையும் முச்சக்கர வண்டியின் சக்கரம் ஒன்றையும் தம் வீட்டு முற்றத்தில் உருட்டி ஒப்பிட்டார். காற்றடைத்த தட்டே அதிக தூரம் ஓடியது.

கெட்டியான சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் மோதும்போது வண்டி முழுவதும் மேலெழுந்து தாழ்கிறது. அவ்வாறு ஆற்றல் வீணாகிறது. காற்றடைத்த டயரோ கல் படும் இடத்தில் மட்டும் அமிழ்ந்து மீள்கிறது. எனவே குலுக்கல் குறைவதோடு வேகமும் கூடுகிறது. டன்லப் 1888 சூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; அதே ஆண்டு டிசம்பரில் அது வழங்கப்பட்டது.

1889 மே 18 அன்று பெல்பாஸ்டில் நடைபெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்னும் வீரர் இந்த டயர்களைக் கொண்டு வெற்றி பெற்றார். தோற்றவர்களுள் அயர்லாந்து மிதிவண்டியாளர் சங்கத் தலைவர் ஹார்வி டு குரோவின் மகன்களும் அடங்குவர். அதே ஆண்டில் டு குரோ டன்லப்புடன் இணைந்து டப்ளினில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

காப்புரிமை இழப்பு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845 இலேயே குதிரை வண்டிகளுக்கான காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மிதிவண்டி பரவாத அக்காலத்தில் அது வணிக வெற்றி பெறாமல் மறக்கப்பட்டது. இந்த முன்பதிவு தெரியவந்ததால், 1890 இல் டன்லப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று.

சக்கரத்துடன் ஒட்டப்பட்ட டன்லப்பின் டயரைப் பழுதுபார்ப்பதும் கடினமாக இருந்தது. வெல்ச், பார்ட்லெட் ஆகிய இருவரும் 1890 இல் தனித்தனியே உருவாக்கிய, கழற்றி மாட்டக்கூடிய டயர்களின் காப்புரிமைகளை நிறுவனம் விலைக்கு வாங்கி நிலைபெற்றது.

பிற்காலம்

டன்லப் 1895 இல் நிறுவனத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் 30 இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. ஆனால் டன்லப் பெருஞ்செல்வம் ஈட்டவில்லை. அவருடைய பெயரும் உருவமும் நிறுவனத்தின் விளம்பரங்களில் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டன. தம்மைப் பகட்டான உடையணிந்தவராகச் சித்தரித்த படங்களை எதிர்த்து, முதுமையில் அவர் தம் பெயர் தாங்கிய நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு பிரித்தானியப் பிரபுக்கள் அவை வரை சென்றது. டன்லப் 1921 இல் டப்ளினில் காலமானார். டீன்ஸ்கிரேஞ்ச் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

தாக்கம்

டன்லப் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் பல நாடுகளில் அமைந்தன. சென்னை அம்பத்தூரிலும் ஒன்று இயங்கியது. வட அயர்லாந்தின் நார்தர்ன் வங்கி வெளியிட்ட 10 பவுண்டுத் தாளில் டன்லப்பின் உருவம் இடம்பெற்றது.

அடைபட்ட காற்றால் சுமையைத் தாங்கி அதிர்வைக் குறைக்கும் முறை டயரோடு நிற்கவில்லை. 1980 இல் வெளியான ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1100 என்னும் நெடும்பயண மோட்டார் சைக்கிளின் முன், பின் அதிர்வு தாங்கிகளில் காற்று பயன்படுத்தப்பட்டது. பின்னிருக்கையில் ஒருவரோ மூட்டைகளோ ஏறும்போது பின்புறக் காற்றழுத்தத்தைக் கூட்டியும், தனியாகச் செல்லும்போது குறைத்தும் ஓட்டுநர் அதனைச் சரிசெய்துகொள்ளலாம்.